இடுப்பிலே ஓர் எமன்

1876ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில், மதுச்சாலை ஒன்றின் பின்னறையிலே இரண்டு மூன்று பேர் அமர்ந்து உரையாடிக் கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் அவ்வூர்ப் பொலிஸ்காரர். திடீரென அவருடைய சுழல் துப்பாக்கி உறையினின்றும் நழுவிற்று, நாற்காலியில் மோதிற்று, 'டுமீல்' என்று வெடித்தது. குண்டு அவருடைய மேலங்கியைத் துளைத்து, சுவரிலே பட்டுத் தெறித்து, கூரை வழியாக வெளியேறியது. அறையிலிருந்தவர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினர். யாரோ சன்னலுக்கு வெளியே நின்று சுட்டுவிட்டான் என்றே ஒருவர் எண்ணினாராம். உள்ளூர்ப் பத்திரிகை இச்செய்தியைச் சற்று நகைச்சுவையோடு வெளியிட்டது. அதிட்டவசமாக ஒருவருக்கும் காயமில்லை.

அந்தப் பொலிஸ்காரர் யாரென்று அறிந்தால் வாசகர்கள் வியப்படைவர். 1881இல் அரிசோனாவின் ரூம்ஸ்ரன் நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையினால் உலகப் புகழ் பெற்று, பின்னர் எத்தனையோ சினிமாப் படங்களின் கதாநாயகனாக விளங்கிய வயற் ஏர்ப் என்பவரே அவர்.

விசையை எவரும் தொடவில்லை; துப்பாக்கி எவ்வாறு வெடித்தது? நம்மவர் துவக்கின் பின்புறத்திலே பாய்ந்து அடிக்கும் உறுப்பைக் 'குதிரை' என்று அழகாகப் பெயரிட்டிருக்கின்றனர். அக்காலத்துச் சுழல் துப்பாக்கியின் உருளையில் ஆறு அறைகள் இருந்தன. ஆறிலும் மருந்து நிரப்பினால், குதிரை அவற்றுள் ஒன்றன் கெற்பின்மீதே சாய்ந்துகொண்டிருக்கும். 1873இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற கோல்ட் துப்பாக்கியிலோ குதிரையின் நுனியிலிருந்த ஊசி தோட்டாவின் அடியை நேரே நோக்கி நின்றது. குதிரையைச் சிறிது பின்னே நிறுத்திவைக்க ஒரு காப்புப் பள்ளம் இருந்ததாயினும், பலமான அடியிலே அஃது உடைந்துபோகக்கூடியது. குதிரையின் முதுகிலே ஓர் அடி விழுந்தால் போதும், வேட்டுத் தீர்ந்துவிடும்.

ஆகையால் அனுபவசாலிகள் ஆறு அறைகளிலே ஐந்தை மட்டும் நிரப்பி, வெறுமையான அறையின்மீது குதிரையைச் சாய்த்து வைத்தனர். 1931இல் ஸ்ருவர்ட் லேக் எழுதிய வயற் ஏர்ப்பின் சரித்திரத்திலே, இந்த ஐந்து தோட்டா வழக்கத்தைப் பற்றி ஏர்ப் விளக்கிக் கூறுவதாக ஒரு பகுதி வருகின்றது. காரணம் பாதுகாப்பு என்கிறார். விச்சிற்றா அறையின் கூரையிலே ஓட்டை விழுந்த அவ்விரவை எண்ணிப் பார்த்தால், பட்டுத் தெளிந்தவரின் ஞானம் இஃது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பொறியியலாளர் இக்குறையை நீக்க முற்பட்டனர். ஐவர் ஜோன்சன் கொம்பனியார் குதிரைக்கும் ஊசிக்கும் இடையே ஒரு சிறு எஃகுத் துண்டை அமைத்தனர். விசையை முற்றாக இழுத்தால் மாத்திரமே அத்துண்டு மேலெழுந்து அடியை ஊசிக்குக் கடத்தும்; மற்றைப்படி குதிரை ஊசியைத் தீண்டவே மாட்டாது. தங்கள் துப்பாக்கியின் குதிரையைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள் என்று விளம்பரமும் செய்தனர். அதுவரை சரி. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர்கள் வெளியிட்ட இன்னொரு விளம்பரத்தில், படுக்கையிலே ஒரு சின்னஞ்சிறு பெண் கைத்துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாக வைத்துக்கொண்டிருக்கிறாள்! எஃகுத் துண்டு விழுகின்ற துப்பாக்கிக்குக் காவல். விசையிலே விரல் வைக்கும் குழந்தைக்கு அது காவலாகுமா? விளம்பரம் எழுதியவர் இதனைச் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கடற்படையில் ஸ்மித் அன்ட் வெசன் துப்பாக்கி ஒன்று கப்பலின் இரும்புத் தளத்திலே விழுந்து வெடித்து மாலுமி ஒருவர் மாண்டார். உடனே அக்கொம்பனி குதிரைத் தடையைப் புதிதாக அமைத்தது. 1973இல் றூகர் கொம்பனியும் எஃகுத் துண்டு முறையைக் கைக்கொண்டது. ஆகவே இக்காலத்துக் கைத்துப்பாக்கி விழுந்த மாத்திரத்தில் வெடிப்பது அரிது. அரிதேயன்றி இல்லையென்பதற்கில்லை. அமெரிக்க இராணுவம் 2017இல் தெரிந்தெடுத்த சிக் துப்பாக்கியின் சந்தை வகை, குறித்த சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது அவ்வாண்டிலேயே தெரியவர, கொம்பனியார் இலவசமாகத் திருத்திக் கொடுக்க முன்வந்தனர்.

இயந்திரம் திருந்திற்று. மனிதனுடைய கையோ பழைய கையாகவே இருக்கின்றது.

2008ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், நியூயோர்க் நகரத்துக் கேளிக்கை விடுதி ஒன்றிலே பிளக்சிக்கோ பரஸ் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் இருந்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலே தம் குழுவுக்கு வெற்றிக் கிண்ணத்தைத் தேடித்தந்த பந்தைப் பிடித்தவர் அவர். உறையில்லாமல் காற்சட்டையின் இடுப்பிலே செருகியிருந்த பிஸ்டல் காலோடு வழுக்கிக் கீழே இறங்கிற்று. பந்தைப் பிடித்துப் பழகிய கை அதனையும் பிடித்தது. குண்டு சொந்தத் தொடையிலே பாய்ந்தது. அனுமதிப்பத்திரமின்றி அந்நகரில் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

விழும் பொருளைப் பாய்ந்து பிடிப்பது நமக்கு இயல்பு. பாத்திரம் நழுவினாலும் குழந்தை சறுக்கினாலும் சிந்திக்குமுன் கை முந்திக்கொள்கிறது. துப்பாக்கியைப் பொறுத்தமட்டில் இதே இயல்பு கொல்லும் இயல்பாகிவிடுகிறது. ஏனெனில், அவசரத்தில் நீளும் விரல் பெரும்பாலும் விசை வளையத்தினுள்ளேதான் போய் விழும். ஆகையால் பயிற்சியாளர் முதற்கண் போதிப்பது: நழுவினால் விழ விடு, கை பின்னே போகட்டும்.

இடறும்போதோ, திடுக்கிடும்போதோ, ஒரு கையால் எதனையேனும் இறுகப் பற்றும்போதோ, மற்றக் கையும் தானாகவே இறுகுவதுண்டு. அப்பொழுது விரல் விசையிலே இருந்தால் கதை முடிந்தது. சுடத் தீர்மானிக்கும்வரை விரலை வளையத்துக்கு வெளியே நீட்டி வைக்கவேண்டும் என்னும் விதியை நான்கு விதிகளுள் ஒன்றாக வகுத்துப் பரப்பியவர், 1976இல் அரிசோனாவிலே பயிற்சிக் கூடம் அமைத்த ஜெஃப் கூப்பர். எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே கருதுக என்பது அவருடைய முதல் விதி.

உறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். விசை வளையத்தை முற்றாக மூடாத உறை உறையன்று. தோலுறை பழசாகித் தளர்ந்தால் மடிப்பு உள்ளே புகுந்து விசையை அழுத்தும். சட்டையின் ஓரம், மேலங்கியின் கயிற்று முடிச்சு ஆகியனவும் அவ்வாறே செய்யும். துப்பாக்கியை எடுப்பதைவிட உறையிலே திரும்ப இடுவதில் அபாயம் அதிகம். அதில் அவசரம் எதற்கு? கண்ணால் பார்த்து, ஆறுதலாக இடலாம்.

வீட்டிலே நிகழும் விபத்து வேறுவகை. பிஸ்டலின் பிடியிலிருந்து மகசினைக் கழற்றியதும் வெறுமையாயிற்று என நம்பி விசையை இழுக்கிறார்கள். வெடியறையிலே ஒரு தோட்டா இருக்கிறது! முதலில் மகசினைக் கழற்றி, அதன்பின்னரே மேற்சட்டத்தைப் பின்னிழுத்து வெடியறைத் தோட்டாவை வெளியேற்றவேண்டும். முறை மாறினால், வெளியேறிய தோட்டாவின் இடத்தை மகசினிலுள்ள அடுத்த தோட்டா நிரப்பிவிடும். பின்னர் அறைக்குள்ளே கண்ணாலும் பார்த்து, இருட்டாயிருந்தால் விரலாலும் தடவி அறியவேண்டும்.

இவையெல்லாம் தெரிந்தவர்க்கு விபத்து நேராது என்று எண்ணிவிடலாகாது. 2018 ஜூன் மாதத்திலே டென்வர் நகரத்து மதுச்சாலையில், கடமை நேரத்தில் இல்லாத அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறை உத்தியோகத்தர் ஒருவர் நடனமாடிக்கொண்டே பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்த பிஸ்டல் தரையிலே விழுந்தது; வெடிக்கவில்லை. அவர் குனிந்து அவசரமாக அள்ளியெடுத்தார். அப்பொழுதுதான் வெடித்தது. அங்கிருந்த ஒருவருடைய காலிலே குண்டு பாய்ந்தது. உத்தியோகத்தர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் இரண்டு ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.