மலாக்காவா, பினாங்கா?

செமஸ்டர் விடுமுறை நெருங்கினால் மாணவர்களின் புலனக் குழுக்களில் எழும் முதல் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதுதான். கோலாலம்பூரில் படிக்கும் எங்கள் ஐவருக்கும் இம்முறை அக்கேள்வி இரண்டே பெயர்களில் வந்து நின்றது: மலாக்கா, பினாங்கு. அடுத்த செமஸ்டரில் ஆளுக்கொரு ஊரில் தொழிற்பயிற்சி. ஐவரும் சேர்ந்து போகும் கடைசிப் பயணமாக இது இருக்கலாம் என்பதால், யாரும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே சிரமம். 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் 'மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள்' என்று ஒரே பெயரின் கீழ்தான் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டிலும் பல சமய வழிபாட்டுத் தலங்கள் அருகருகே நிற்கின்றன. மலாக்காவில் 1781ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், கம்போங் கிலிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றையும் சில நிமிட நடையில் பார்த்துவிடலாம். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல், 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் ஆலயம், குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகியவை அதேபோல் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன.

வேறுபாடு நீரில்தான் இருக்கிறது. மலாக்காவில் நாம் அதிகம் பார்ப்பது ஆறு. 1511இல் போர்த்துகீசியர் பிடித்த ஊரில், அவர்கள் கட்டிய கோட்டையின் ஒரு வாயில் மட்டும் இன்னும் நிற்கிறது. அக்காலத்தில் கடலுக்கு மிக அருகில் இருந்த கோட்டை அது. கடலோரம் தூர்க்கப்பட்டதால் இன்று அதன் முன் பேரங்காடிகள் நிற்கின்றன. கடலைப் பார்க்க வேண்டுமானால் செயற்கைத் தீவிலுள்ள மலாக்கா நீரிணைப் பள்ளிவாசல் வரை போக வேண்டும். நீர் ஏறும் வேளையில் அது மிதப்பதுபோல் தெரியும். ஊருக்குள்ளோ, கம்போங் மோர்த்தேன் வழியாகச் செல்லும் ஆற்றுப் படகுச் சவாரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பினாங்கில் கடல் இன்னும் அன்றாட வாழ்க்கைக்குள் இருக்கிறது. ரயிலில் பட்டர்வொர்த் சென்று இறங்கினால் ஃபெரியில் ஏறித்தான் ஜார்ஜ்டவுனுக்குள் நுழைவோம். படகுத்துறையை ஒட்டி, மரக்கால்களின் மேல் நிற்கும் சீனக் குல வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். ஆனால், தீவு பெரியது. ஜார்ஜ்டவுன் தெருக்களுக்கு ஒரு நாள், கொடிமலை ரயிலுக்கு அரை நாள், 513 படிகள் ஏறித் தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க ஒரு காலைப்பொழுது, நாசி கண்டார் வரிசையில் நிற்கத் தனி நேரம் என்று கணக்குப் போட்டால், மூன்று நாளுக்குக் குறைவாகப் போவதில் பொருளில்லை. போய்ச் சேரவே ரயிலில் நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். மலாக்காவுக்குப் பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம்.

குழுவில் வாக்கெடுப்பு நடத்தினோம். பினாங்குக்கு மூன்று, மலாக்காவுக்கு இரண்டு. நானும் பினாங்குக்கே வாக்களித்தேன். முடிவு வந்த சில நிமிடங்களில், பினாங்குக்கே வாக்களித்திருந்த ஒரு தோழியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது: "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ரெண்டு நாளுக்கு மேல லீவு கிடைக்காது." விடுமுறையில் உணவகத்தில் வேலை செய்து அடுத்த செமஸ்டர் செலவுக்குப் பணம் சேர்ப்பவள் அவள். தன்னால் மற்றவர்களின் ஆசை கெடக்கூடாது என்றுதான் குழுவில் அவள் அதைச் சொல்லவில்லை.

அவள் சம்மதத்தோடு மற்றவர்களிடம் பேசினேன். ஒருவர் மட்டும் முதலில் முகம் சுளித்தார். பினாங்குக்காகவே அவர் இரண்டு மாதங்களாகப் பணம் சேர்த்திருந்தார். அவருடைய ஏமாற்றமும் நியாயமானதே. கடைசியில் வார நாள்களில் இரண்டு நாள் மலாக்கா என்று முடிவானது. வார இறுதியில் மட்டும் நடக்கும் ஜோங்கர் இரவுச் சந்தையை நாங்கள் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக ஆற்றோரம் நடக்கலாம், சோற்றுருண்டையும் கோழியும் சாப்பிடலாம், மலாக்கா செட்டி மக்கள் வாழும் கம்போங் செட்டிக்கும் போகலாம். தமிழ் வணிகர்களின் வழிவந்து, மலாய் பேசி, இந்து சமயத்தைப் பின்பற்றும் அவர்களைப் பற்றிப் பள்ளியில் படித்ததோடு சரி.

விடுமுறைக்குத் திட்டமிடும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஊரின் பெயரை முதலில் எடுக்காதீர்கள். யாருக்கு எத்தனை நாள் கிடைக்கும், யாரால் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை முதலில் கேளுங்கள். அதையும் குழுவில் கேட்காமல் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் "என்னால் முடியாது" என்று சொல்வது நம் வயதில் பலருக்குக் கடினம். மிகக் குறைவான நாளும் பணமும் உள்ளவரை வைத்துத் திட்டம் போட்டால், ஊர் தானாகவே முடிவாகிவிடும்.

பினாங்குக்குப் பணம் சேர்த்த நண்பர் அதை இன்னும் செலவழிக்கவில்லை. தொழிற்பயிற்சி முடிந்ததும் ஐவரும் ஃபெரி ஏறலாம் என்கிறார். மூன்று நாள் விடுப்பை இப்போதே கேட்டு வைக்கும்படி தோழியிடம் சொல்லியிருக்கிறோம்.