மழைக்காலத்து மக்காச்சோளம்

ஹைதராபாதில் மழைக்காலம் வந்தால் சுட்ட மக்காச்சோளத்தின் வாசனையும் கூடவே வரும். ஹுசேன் சாகர் ஏரிக்கரைப் பக்கம், சந்தை ஓரம், எங்கும் தள்ளுவண்டிகள் நிற்கும். உருது பேசுகிறவர்கள் இதைப் புட்டா என்பார்கள். தெலுங்கில் மொக்கஜொன்ன. தெலங்கானாவில் ஜூன் மழையோடு விதைத்தால், ஆகஸ்டு, செப்டம்பரில் பச்சைக் கதிர் சந்தைக்கு வந்துவிடும்.

நல்ல கதிரை எப்படிக் கண்டுபிடிப்பது? மட்டையைச் சற்று விலக்குங்கள். ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். பால் வந்தால் இளங்கதிர். மாவாக இருந்தால் முற்றியது. முற்றியதைச் சுட்டால் பல்லுக்குத்தான் வேலை! கதிரைப் பறித்தவுடனே மணியில் உள்ள சர்க்கரை மாவாக மாறத் தொடங்கும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாக மாறும். அதனால் அன்று பறித்ததை அன்றே சமைப்பது நல்லது.

சுடுவதற்குக் கரி நன்றாகக் கனிய வேண்டும். தீ எழும்பக் கூடாது. கதிரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கரியும், மறுபக்கம் வேகாது. மணிகள் வெடித்து ஆங்காங்கே கறுத்ததும் எடுத்துவிடலாம். அரை எலுமிச்சம் பழத்தை உப்பு, மிளகாய்த் தூளில் தொட்டுக் கதிர் முழுவதும் தேய்ப்பார்கள்.

வேக வைப்பது இன்னும் எளிது. உள் மட்டையோடு வேக வைத்தால் வாசம் போகாது. பல் இல்லாத பெரியவர்களுக்கு இதுவே ஏற்றது.

தெலங்கானா வீடுகளில் காரெலு என்ற பலகாரமும் உண்டு. அது நம் வடை மாதிரி. சற்று முற்றிய கதிரின் மணிகளை உதிர்ப்பார்கள். பச்சை மிளகாய், இஞ்சி, சீரகம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, தட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். மூன்றிலும் ருசி இதற்கே என்பேன்.

ஆனால் மக்காச்சோளத்தையே மூன்று வேளையும் உண்டால் என்ன ஆகும்? உடலுக்கு நியாசின் என்ற சத்து வேண்டும். முற்றிய மக்காச்சோளத்தில் அது பெரும்பாலும் நமக்குச் செரிக்காத வடிவில் இருக்கிறது. அந்தச் சத்து குறைந்தால் பெலாக்ரா என்ற நோய் வரும். வெயில் படும் தோல் கறுத்து உரியும். வயிற்றுப்போக்கு வரும். மனமும் குழம்பும். மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோவில், காய்ந்த மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்துக் கழுவி, அரைத்து ரொட்டி சுடுவார்கள். சுண்ணாம்பு அந்தச் சத்தை விடுவித்துவிடும். பயிர் ஐரோப்பாவுக்குப் போனது. இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. இத்தாலியில் ஏழைகள் பலர் நோயில் விழுந்தார்கள். (வண்டிக்காரர் தேய்க்கும் எலுமிச்சை இந்த வேலையைச் செய்யாது. அது ருசிக்குத்தான்.)

தெலங்கானாவில் வெள்ளைச் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்கும் பெலாக்ரா வந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இதை ஆராய்ந்தார். அவர் பணி செய்த ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் 1958-இல் குன்னூரிலிருந்து ஹைதராபாதுக்கு மாறியது.

மாலையில் ஒரு கதிர் கொறிப்பவருக்கு இந்தப் பயம் வேண்டாம். மக்காச்சோள ரொட்டியே தினசரி உணவு என்றால், கூடவே பருப்பு, நிலக்கடலை, பால் வேண்டும். கதிரைக் கடித்து முடித்த பிறகு பச்சை மட்டையை மாட்டுக்குப் போடலாம். சக்கையைக் காய வைத்தால் அடுப்பெரிக்க ஆகும்.