பழைய பாண்ட் சோவும் முறிந்த பின்னும்

ரொறன்ரோவில் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நாங்கள் மூவர் சேர்ந்து, பாவித்த பாண்ட் சோ ஒன்றை வாங்கி ஒருவருடைய கராச்சில் வைத்தோம். லீவு நாட்களில் கதிரை, அலுமாரி செய்து நாலு காசு பார்க்கலாம் என்ற எண்ணம்.

முதல் நாளே இரும்பு மேசையில் கை பட்டதும் சுள்ளென்றது. பிளக்கைப் பார்த்தால் உருண்டையான எர்த் பின்னை யாரோ முறித்திருந்தார்கள். ஆளிப் பெட்டிக்குள் வயர் தேய்ந்து இரும்பில் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் கரண்ட் அந்த வழியால் ஓடி பிரேக்கரை விழுத்தியிருக்கும். இல்லாதபடியால் நாங்கள்தான் எர்த்! தேய்ந்த வயரையும் பிளக்கையும் மாற்றினோம். கறுப்பு பித்தளை ஆணிக்கு, வெள்ளை வெள்ளி நிற ஆணிக்கு, பச்சை பச்சைக்கு.

அடுத்த தொல்லை பிரேக்கர். மோட்டார் தகட்டில் 115 வோல்ற், 11 அம்பியர். அதே லைனில் டீப் பிரீசரும் ஓட, 15 அம்பியர் பிரேக்கர் விழுந்தது. "30 போடுவம்" என்றார் ஒருவர். ஊரில் பியூஸ் போனால் தடித்த கம்பி முறுக்கிய பழக்கம்! சுவருக்குள் ஓடும் 14ஆம் இலக்க வயர் 15 அம்பியருக்கே உரியது. பெரிய பிரேக்கர் போட்டால், அது விழமுன் வயர் கொதிக்கும். சுற்றிவர மரத்தூள் வேறு.

அனுமதிபெற்ற இலக்றீசியன் தனி லைன் இழுத்தார். ஒன்ராறியோவில் இதை மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். அதையும் அவரே செய்தார். வாளின் விலையைவிடக் கூடப் போய்விட்டது.

இப்போது வாள் மாற்றும்போது ஆளியை நிறுத்துவதோடு விடுவதில்லை. பிளக்கைக் கழற்றிக் கண்முன்னே மேசையில் வைத்த பிறகுதான் கதவைத் திறக்கிறோம்.