நற்கொற்கை முதல் முத்துநகர் வரை

ஓர் ஊருக்கோ மனிதருக்கோ பழம்பெருமை உண்டு என்று எழுத நேர்ந்தால் இன்று பலரும் கையாளும் தொடர் ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்பதாகும். விழா அழைப்பிதழ், பயணக் கையேடு, செய்தித்தாள் என எங்கும் பரவிவிட்ட இத்தொடர், எல்லா ஊர்களுக்கும் பொருந்துவதாலேயே எந்த ஊரைப் பற்றியும் எதுவும் சொல்லாமல் நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு புகழ் எதனால் வந்தது, அதை யார் அளித்தார் என்பதைச் சுருக்கமாக உணர்த்தும் அடைமொழிகள், அதாவது பெயருக்கு முன் நின்று அதைச் சிறப்பிக்கும் சொற்கள், தமிழில் ஏராளம் உண்டு என்பதற்குத் தூத்துக்குடிக் கடற்கரை ஒன்றே போதிய சான்று.

தாமிரபரணியின் கழிமுகத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து கடல் விலகியதால், இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஏரலுக்கு அருகில் ஒரு சிற்றூராக இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளஸ் இதைக் ‘கொல்கொய்’ என்று குறித்து, இங்கு முத்துக்குளிப்பு நடந்ததையும் பதிவு செய்கிறது. மதுரைக்காஞ்சியோ இவ்வூரை ‘நற்கொற்கை’ என்றும், அதன் முத்தை ‘விழுமுத்து’ என்றும் அழைக்கிறது; ‘விழு’ என்பதற்குச் சிறந்த, உயர்ந்த என்பது பொருள். சங்கப் புலவர்கள் புகழைக் குறிக்க ‘இசை’ என்ற சொல்லையும் ஆண்டனர் என்பதால், ‘பேரிசை’ பெரும்புகழாயிற்று, ‘தொல்லிசை’ நெடுங்காலம் நின்ற புகழாயிற்று. பாட்டும் புகழும் ஒரே சொல்லுக்குள் அமைந்தது மிக அழகான பொருத்தம்.

இந்த உறவைப் பக்தி இயக்கம் வரையறுத்த கலைச்சொல்லாகவே ஆக்கியது. தேவார மூவரால் பாடப்பட்ட சிவத்தலம் ‘பாடல் பெற்ற தலம்’ எனவும், ஆழ்வார்கள் பாடிய திருமால் தலம் ‘மங்களாசாசனம்’ பெற்றது எனவும் வழங்கப்பட்டன. தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி உள்ளிட்ட நவதிருப்பதிகள் ஒன்பதும் அவ்வாறு 108 திவ்ய தேசங்களில் இடம்பெற்றவை. ‘பெற்ற’ என்ற வினை இங்குக் கவனிக்கத்தக்கது: பெயர்பெற்ற, புகழ்பெற்ற, பாடல் பெற்ற என்னும் தொடர்களிலெல்லாம் பெருமை ஒருவர் கொடுக்க மற்றொருவர் பெறும் பொருளாகவே கருதப்படுகிறது.

மனிதர்களுக்கு வழங்கிய அடைமொழிகள் இவற்றினும் நுட்பமானவை. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன் என்ற பெயர்கள், செய்த செயலைப் பெயரெச்சமாக, அதாவது பெயரைத் தழுவி நிற்கும் வினைச்சொல்லாக, முன்னே நிறுத்துகின்றன. பல நூற்றாண்டுகள் கழிந்தபின், 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டு, பின்னர்ச் சிறை சென்று செக்கிழுத்த வ.உ.சிதம்பரனாருக்குத் தமிழ் மக்கள் வழங்கிய பெயர்களும் அதே இலக்கணத்தில் அமைந்தன. ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘செக்கிழுத்த செம்மல்’ என்பவற்றைக் கேட்கும் சிறுவனுக்கும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பாதி விளங்கிவிடும். மாவீரர், மாமனிதர் முதலிய எந்தப் பட்டமும் இதைச் செய்யாது.

கடற்கரையின் சொற்களும் இத்தகையவையே. போர்த்துக்கீசியர் ‘பெஸ்காரியா’ என்று எழுதிய இக்கரை, தமிழில் ‘முத்துக்குளித்துறை’ ஆனது. கடலடியில் சிப்பி விளையும் திட்டு ‘பார்’ எனவும், ஆட்சியாளரின் மேற்பார்வையில் நடந்த முத்துக்குளிப்பு ‘சலாபம்’ எனவும், கல்லின் கனத்தோடு ஒரே மூச்சில் அடிவரை இறங்கியவர் ‘குளியாள்’ எனவும், பரதவர் தலைவர் ‘பாண்டியபதி’ எனவும் பெயர் பெற்றனர். இக்கரையின் சிறப்பை எழுதுவோர் இச்சொற்களைக் கைவிட்டுப் பொதுத்தொடரை நாடுவது பேரிழப்பாகும்.

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டில் நடந்தது. அங்கிருந்து சென்னைக்குப் புறப்படும் இரவு ரயிலின் பெயர் இன்றும் ‘முத்துநகர் எக்ஸ்பிரஸ்’ தான்.