டாக்கிங் ஸ்டேஷன்

டாக்கிங் ஸ்டேஷன் (மடிக்கணினி இணைப்பு நிலையம்) என்பது திரை, விசைப்பலகை, சுட்டி, வலையமைப்பு வடம், மின்வழங்கி ஆகியவற்றை ஒரே இணைப்பின் மூலம் மடிக்கணினியுடன் சேர்க்கும் துணைக்கருவி ஆகும். மடிக்கணினி பழுதாகி மாற்றப்படும்போது இக்கருவி பெரும்பாலும் நல்ல நிலையிலேயே எஞ்சிவிடும். அதனை வேறு நிறுவனத்தின் மடிக்கணினியுடன் பயன்படுத்த இயலுமா என்பது வணிகப் பெயரை விட இணைப்பு முறையையே பொறுத்தது.

வரலாறு

1992 ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் டுவோ மடிக்கணினியை, வீடியோ கேசட்டைச் செருகுவது போல டுவோ டாக் என்னும் பெட்டிக்குள் செருகலாம். பின்னர் டெல், எச்பி, லெனோவோ ஆகிய நிறுவனங்கள் தத்தம் மடிக்கணினிகளின் அடிப்புறத்தில் வெவ்வேறு வடிவ முனைகளை அமைத்தன. 2014 ஆம் ஆண்டு வெளியான யூ.எசு.பி-சி செந்தரம் தரவு, காட்சி, மின்சாரம் மூன்றையும் ஒரே செருகியில் கொண்டுவந்தது.

வகைகளும் பொருந்துதலும்

* அடிப்புற முனை வகை: வேறு நிறுவன மடிக்கணினியில் பொருந்தாது. முனையின் வடிவம் மட்டுமன்றி மின் இணைப்பு ஒழுங்கும் வேறுபடுவதால், வலிந்து இணைத்தால் தாய்ப்பலகை பழுதடையலாம்.
* யூ.எசு.பி-ஏ வகை: டிஸ்பிளேலிங்க் சில்லு கொண்டவை எந்த நிறுவன மடிக்கணினியுடனும் இயங்கும். ஆனால் இயக்கி மென்பொருளை நிறுவ வேண்டும். மின்னேற்றம் கிடையாது, மடிக்கணினியின் சொந்த மின்னேற்றியே தேவை.
* யூ.எசு.பி-சி வகை: பெரும்பாலும் பொருந்தும். எனினும் மடிக்கணினியின் முனை காட்சியையும் மின்னேற்றத்தையும் ஆதரிக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சில தண்டர்போல்ட் 3 நிலையங்கள் சாதாரண யூ.எசு.பி-சி முனையில் செருகப்பட்டாலும் இயங்கா.

மின்னேற்றமும் சிறப்பு வசதிகளும்

ஒரே நிலையம் வேறு நிறுவன மடிக்கணினிக்குக் குறைந்த திறனையே வழங்கக்கூடும். எடுத்துக்காட்டாக, டெல் டபிள்யூடி19 நிலையத்தின் 180 வாட் மின்வழங்கியுடன் கூடிய வடிவம் டெல் மடிக்கணினிகளுக்கு 130 வாட் வரையும், பிறவற்றுக்கு 90 வாட் வரையும் வழங்குகிறது. நிலையத்தில் உள்ள மின் பொத்தானால் கணினியை இயக்குதல் போன்ற வசதிகளும் பிற நிறுவன மடிக்கணினிகளில் பொதுவாகக் கிடைப்பதில்லை. திரை, விசைப்பலகை, வலையமைப்பு ஆகியன வழக்கம்போல் இயங்கும். மேக் இயங்குதளம் ஒரே டிஸ்பிளேபோர்ட் இணைப்பில் பல திரைகளைத் தனித்தனியே விரிப்பதை ஆதரிப்பதில்லை. இரு திரைகளிலும் ஒரே காட்சி தோன்றலாம்.

தமிழ்நாட்டில்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களின் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. லெனோவோ, ஏசர் முதலிய நிறுவனங்களின் மடிக்கணினிகள் இவற்றுள் அடங்கும். இத்தகைய அடக்கவிலை மடிக்கணினிகளில் அடிப்புற முனை பொதுவாக இருப்பதில்லை. 2014 க்கு முந்தையவற்றில் யூ.எசு.பி-சி முனையும் இல்லை. எனவே இவற்றுக்கு யூ.எசு.பி-ஏ வகையே ஏற்றது. இவற்றில் லினக்சு பயன்படுத்துவோர், டிஸ்பிளேலிங்க் இயக்கி அதிகாரப்பூர்வமாக உபுண்டுவுக்கே வழங்கப்படுவதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

வாங்கும் முன்

பழைய பொருள் விற்கும் கடையில் விலை மலிவாகக் கிடைத்தாலும், முதலில் முனையின் வகையையும், பின்னர் மடிக்கணினிக்குத் தேவையான வாட் அளவையும் ஒப்பிட வேண்டும். மின்வழங்கியும் உடன் உள்ளதா எனப் பார்ப்பது நன்று. இவை பொருந்தினால், குப்பைக்குச் செல்லவிருந்த கருவி மேலும் சில ஆண்டுகள் பயன்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* மடிக்கணினி
* யூ.எசு.பி
* தண்டர்போல்ட்
* மின்னணுக் கழிவு