காடும் ஆலையும் சமைக்கும் எரு



பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. ஊருக்குள் காலணி அணிவதில்லை என்பது அம்மக்களின் வழக்கம். பல தலைமுறைகளாக அங்கு விளைந்த காப்பியும் எலுமிச்சையும் குதிரைகளின் முதுகிலேயே மலையிறங்கின.

நான் அங்குச் சென்றிருந்தபோது முதியவர் ஒருவரிடம், "தோட்டத்திற்கு என்ன உரம் இடுகிறீர்கள்?" என்று வினவினேன். அவர் காப்பிச் செடியின் அடியிற் கிடந்த சருகை விலக்கி, ஒரு பிடி மண்ணை என் கையில் வைத்தார். கருத்துப் பொலபொலவென்றிருந்தது அம்மண். "எருவைக் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகுமா, தம்பி? மரம் உதிர்க்கிறது, மண் தின்கிறது" என்றார்.

சருகை எருவாக்குவோர் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். காடு நெடுநாள் செய்யும் இவ்வேலையை எருவாலை சில திங்களில் முடிக்கிறது. எவ்வாறு? அவ்வுயிர்களுக்கு வேண்டியவற்றை அளவறிந்து கொடுப்பதனாலேயே. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் இதனை முறைப்படுத்தினார்.

நுண்ணுயிர்களுக்குக் கரிமம் எரிபொருள். நைட்ரஜன் உடல் வளர்க்கும் உணவு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு கரிமம் இருத்தல் நன்று. ஆதலால் உலர்ந்த வைக்கோல், சருகு ஆகியவற்றோடு காய்கறிக் கழிவையும் சாணத்தையும் கலக்கிறார்கள். கலவையை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரமுள்ள நீண்ட குவியல்களாக அமைக்கிறார்கள். பிழிந்த துணிபோல் ஈரம் இருக்க வேண்டும். மிகுந்தால் காற்றுப் புகாது, நாற்றம் எழும். சில நாட்களில் குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசைக் கடந்து கொதிக்கும். அவ்வெப்பம் நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிக்கும். வெளிப்புறமும் அவ்வெப்பம் பெறவும் காற்றுப் புகவும் இயந்திரங்கள் குவியலைப் பலமுறை புரட்டுகின்றன. சூடு தணிந்தபின் சில வாரங்கள் முதிரவிட்டு, 4 மில்லிமீட்டர்ச் சல்லடையிற் சலித்து, மூட்டை கட்டுகிறார்கள்.

இத்துணை எளிதாயின் இடர் எங்கே? ஒருமுறை நகரக் குப்பையில் விளைந்த எருமூட்டை ஒன்றில் கைவிட்டேன். கண்ணாடிச் சில்லு விரலைக் கிழித்தது. பெரிய சில்லைச் சல்லடை தடுக்கும். பொடிந்த சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் தப்பிவிடும். மின்கலங்களிலிருந்து கசியும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை எந்தச் சல்லடையும் பிரிக்காது. எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. அவை வயலுக்குச் சென்று பயிரில் ஏறும். அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்றன.

ஆகவே, நண்பர்களே, எருவாலையின் முதல் வாயில் நம் அடுக்களையே. வாழைத்தோலையும் உடைந்த குவளையையும் ஒரே கூடையில் எறியும்போது, எங்கோ ஓர் உழவர் வெறுங்காலோடு அவ்வயலில் இறங்குவார் என்பதை நினையுங்கள். வெள்ளகவியில் என் கையில் வைக்கப்பட்ட மண்ணை மிதிக்கக் காலணி தேவையில்லை. நாம் உழவருக்கு அனுப்பும் எருவும் அத்தகையதாகட்டும்.