புகழ்ச்சிக்குக் கூலி எவ்வளவு?

தியாகராய நகர் ஜவுளிக் கடையில் ஒரு பெண்மணி கைப்பேசி முன் நின்று, “இப்படி ஒரு பட்டை நான் கண்டதே இல்லை!” என்கிறார். அதைப் பார்த்ததும் மயிலாப்பூரிலிருந்து நாம் புறப்பட்டுவிடுகிறோம். புகழ்ந்தவர் கூலி பெற்றாரா என்று யோசிக்கிறோமா?

ஐக்கிய அரபு நாடுகளில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். நம் நாட்டில் அது தேவையில்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு. பணமோ இனாம் புடவையோ வாங்கியிருந்தால், ‘விளம்பரம்’ என்று பளிச்சென்று அறிவிக்க வேண்டும் என்கிறது மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை!

ஆகவே வாசகர்களே, பர்ஸைத் திறக்குமுன் அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். ஏமாந்துவிட்டால் சும்மா இராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915.